குளிர்ச்சி பற்றிய கருத்து வேறுபாடு

ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் அதைச் சொல்லும் தகுதி யாருக்கு இருக்கிறது? அந்த ஃபிரிட்ஜைத் திறந்து மூடுகிறவர்களுக்கு என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். லிஃப்ட்காரரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். வராமல் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை.

லிஃப்ட்காரர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறவர். உள்ளே வருகிறவர்கள் மாடியைச் சொல்வார்கள், இவர் பொத்தானை அழுத்துவார். அந்த மாடிக்கு எதற்குப் போகிறீர்கள் என்று இவர் யாரையும் கேட்டதில்லை. கேட்கிற ஆளை அந்த வேலையில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். நல்ல மனிதர்தான். சட்டையில் பெயர் அட்டை குத்தியிருக்கும் யார் எதைச் சொன்னாலும் அது சட்டம் என்று நம்புகிறவர்.

அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் மருந்துகள் தாய்ப்பாலில் இறங்கும் என்பதால், மருந்து முடியும்வரை குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டின் பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தை குடித்ததை அப்படியே கக்கியது, உடம்பெல்லாம் தடித்துப்போனது. மறுபடி கொடுத்தபோது மூச்சு இளைத்து, தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

அதனால் மனைவி ஆபரேஷனுக்குத் தேதி குறித்த நாளிலிருந்து பால் சேர்க்க ஆரம்பித்தார். குழந்தை குடித்தது போக மீதியை, தூக்கத்தையும் வயிற்று வலியையும் பார்க்காமல் பீய்ச்சி எடுத்து, சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து, தேதி எழுதி, மேல் தட்டு ஃபிரீசரில் அடுக்கினார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. "பழசு முன்னாடி இருக்கு, புதுசு பின்னாடி. முன்னாடி இருக்கறதை முதல்ல எடுங்க. நான் வர்ற வரைக்கும் தாராளமாப் போதும்" என்று மட்டும் சொன்னார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள லிஃப்ட்காரரின் அக்கா வந்திருந்தார். அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த மறுநாள் காலை, அக்கா ஃபிரீசரைத் திறந்து அன்றைக்கு வேண்டிய பாக்கெட்டுகளை எடுத்தார்.

"டேய், இங்க வாடா. இதைத் தொட்டுப் பாரு."

லிஃப்ட்காரர் தொட்டுப் பார்த்தார். கல்லு மாதிரி இருக்க வேண்டிய பாக்கெட் ஓரங்களில் கொழகொழவென்று இருந்தது. "கொஞ்சம் இளகியிருக்குக்கா."

"கொஞ்சமா? ஐஸ் தட்டுல தண்ணி நிக்குது, பாரு."

அவர் தன்னால் முடிந்ததை எல்லாம் பார்த்தார். குளிர் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. கதவு ரப்பர் தளர்ந்திருக்குமோ என்று ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தார், காகிதம் அசைந்து கொடுக்கவில்லை. ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, பின்புறக் கம்பிகளில் படிந்திருந்த தூசியைத் துடைப்பத்தால் தட்டினார். கீழே மோட்டார் உறுமியது. ஆனால் ஃபிரீசருக்குள் காதை வைத்தால் உள்விசிறி சுழலும் சத்தம் இல்லை. உள்சுவர் முழுக்க ஐஸ் கனமாகப் படிந்திருந்தது. விசிறியை ஐஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவர் நினைத்தார். அது முற்றிலும் சரி. இந்தக் கதையில் அந்த ஃபிரிட்ஜைப் பற்றி ஒருவர் சரியாக நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

"நிறுத்திப் போட்டா ஐஸ் உருகிடும், விசிறி சுத்தும். ஆனா பாலை என்ன பண்றது?"

"இது ஒரு கேள்வியா? மாடி வீட்டு டீச்சர்கிட்ட ஃபிரிட்ஜ் இருக்கு. கொண்டுபோய் வெச்சுட்டு வா."

படியேறி இறங்குகிற நேரம்தான் ஆகியிருக்கும். ஆனால் ஃபிரிட்ஜுக்கு உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லை. 'எதைச் செய்யும் முன்பும் எங்களைக் கேளுங்கள்' என்று கதவின் மேலேயே ஒரு பென்குவின் படத்தோடு அச்சிட்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் அதைப் படித்தார். "ஒரு வார்த்தை கம்பெனியைக் கேட்டுட்டு எடுத்துடலாங்கா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவுக்கு 'வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை' என்று பெயர். போன் போட்டதும் பதிவு செய்த குரல் ஒன்று வந்தது. ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்தால் ஒன்றை அழுத்தச் சொன்னது. மிக நன்றாகக் குளிர்ந்தால் இரண்டு. இந்த மகிழ்ச்சியை உறவினர்களோடு பகிர்ந்துகொள்ள மூன்று. நான்கு என்று ஒன்று இல்லை. லிஃப்ட்காரர் பொத்தான் அழுத்தியே பிழைக்கிறவர், அவருக்கே எதை அழுத்துவதென்று தெரியவில்லை. கடைசியில் பொய் சொல்கிறோமே என்ற உறுத்தலோடு ஒன்றை அழுத்தினார். ஒரு பெண் பேசினார்.

"வணக்கம் சார், உங்க மகிழ்ச்சியைச் சொல்லுங்க."

"மேடம், ஃபிரீசர் குளிரலைங்க."

"உள்ள விளக்கு எரியுதா சார்?"

"எரியுது."

"வாழ்த்துகள் சார்."

"விளக்கு எரியுதுங்க. குளிர்தான் இல்லை."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "சார், 'குளிரலை'ன்னு ஒரு புகார் எங்க கம்ப்யூட்டர்ல கிடையாது. எங்க ஃபிரிட்ஜ் குளிராம இருக்காது. 'குளிர்ச்சி பற்றிக் கருத்து வேறுபாடு'ன்னு ஒன்னு இருக்கு. போட்டுக்கவா?"

"யாருக்கும் யாருக்கும் வேறுபாடுங்க?"

"உங்களுக்கும் ஃபிரிட்ஜுக்கும் சார்."

லிஃப்ட்காரர் யோசித்தார். ஒரு வகையில் அதுவும் உண்மைதானே என்று தோன்றியது. போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"நன்றி சார். எங்க சரிபார்ப்பவர் வர்ற வரைக்கும் உள்ள இருந்து ஒரு பொருளையும் எடுக்காதீங்க. எடுத்தா ஃபிரிட்ஜோட இயல்பு நிலை கலைஞ்சுடும்."

"உள்ள குழந்தைக்குப் பால் இருக்குங்க."

"ரொம்ப நல்லது சார். பால் இருந்தா இயல்பா இருக்கும்."

சரிபார்ப்பவர் உடனே வந்துவிட்டார். பழுது பார்க்கிறவர்கள்தான் லேசில் வர மாட்டார்கள், சரிபார்க்கிறவர்கள் தெருமுனையிலேயே நிற்கிறார்கள் போலிருக்கிறது. தேய்த்த சட்டை, பெயர் அட்டை, தோளில் தோல் பை. பையில் திருப்புளி இல்லை, குறடு இல்லை. அதைப் பற்றி அக்கா கேட்டபோது அவர் சிரித்தார்.

"ரிப்பேர் என் வேலை இல்லம்மா. புகார் நல்ல நிலையில இருக்கான்னு பாக்கறதுதான் என் வேலை."

பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தார். லிஃப்ட்காரர் பவ்யமாக ஃபிரீசர் கதவைத் திறந்துவிட்டார். சரிபார்ப்பவர் அதைச் சாத்திவிட்டு, "வாயைத் திறங்க" என்றார்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். உடம்புல காய்ச்சல் இருந்தா ஃபிரிட்ஜ் குளிராத மாதிரி தோணும். ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது. எங்களுக்கு வர்ற கருத்து வேறுபாட்டுல பாதி காய்ச்சல்தான்."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அக்காவையும் சோதித்தார். அக்கா தெர்மாமீட்டரைக் கடித்துத் துப்பியிருப்பார், தம்பி கெஞ்சியதால் விட்டுவிட்டார். கடைசியில் குழந்தையின் அக்குளிலும் வைத்தார்கள். அது வீறிட்டது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனார். அவர் அங்கேயே நின்றிருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

"மூணு பேருக்கும் காய்ச்சல் இல்லை" என்றார் சரிபார்ப்பவர், சற்று ஏமாற்றத்தோடு. "அப்ப நீங்க சொல்றதுல உண்மை இருக்கலாம். இது என் கையில இல்லை. பெரிய இன்ஜினியர் வந்துதான் பாக்கணும்."

சொல்லிவிட்டு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்.

"சார், சார்! ஏன் சார் நிறுத்தறீங்க?"

"ஓட விட்டா அதுவா சரியாயிட வாய்ப்பு இருக்கு. பெரிய இன்ஜினியர் வர்றப்ப நல்லாக் குளிர்ந்துக்கிட்டு இருந்தா உங்க புகார் பொய்யாயிடும். உங்க நல்லதுக்குத்தான் பண்றேன்."

பிறகு பையிலிருந்து ஒரு டேப் சுருளை எடுத்தார். நீல டேப், வரிசையாகச் சிரிக்கும் பென்குவின்கள். மேல் கதவின் குறுக்கே ஒன்று, கீழ்க் கதவின் குறுக்கே ஒன்று, பிளக்கைச் சுற்றி ஒன்று என்று ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"இனிமே இது ஆய்வுல இருக்கு. பெரிய இன்ஜினியர் கையாலதான் திறக்கணும். வேற யார் டேப்பை எடுத்தாலும் உத்தரவாதம் போச்சு."

"உள்ள பால் இருக்கு சார். என் மனைவி ஆஸ்பத்திரியில இருக்காங்க. குழந்தைக்கு அதை விட்டா வேற இல்லை."

"பாலும் சாட்சி."

"அதை மட்டும் எடுத்துக்கறேனே."

"சாட்சியைக் கலைக்கச் சொல்றீங்களா?" சரிபார்ப்பவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "புகார் யார் பேர்ல இருக்கு? உங்க பேர்ல. குழந்தை பேர்லயா இருக்கு?"

"இல்லை."

"அப்ப குழந்தைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? குழப்பிக்காதீங்க. பெரிய இன்ஜினியர் சாயங்காலமே வந்துடுவார்."

இந்த இடத்தில் நீங்கள் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் கடித்தேன். ஒரு ஆள் இன்னொருவன் வீட்டுக்குள் வந்து, அவன் குழந்தையின் சாப்பாட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டி, மின்சாரத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, காபி கிடைக்குமா என்று கேட்கிறான். அதற்கு அவனை உதைத்து அனுப்பியிருக்க வேண்டாமா? லிஃப்ட்காரர் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போதுமா என்றும் கேட்டார்.

குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்த அக்கா டேப்பைப் பார்த்தார். கையை ஓங்கிக்கொண்டு அதன் மேல் பாய்ந்தார். லிஃப்ட்காரர் குறுக்கே விழுந்து மறித்தார்.

"அக்கா, அக்கா, வேணாம். ஃபிரிட்ஜ் போனா வேற வாங்க நமக்கு வக்கில்லை. சாயங்காலம் வந்துடுவாராம். வெளிய எடுத்த பாக்கெட் இன்னைக்குப் போதுமில்ல?"

"இன்னைக்குப் போதும். நாளைக்கு?"

"அதுக்குள்ள வந்துடுவார்க்கா. பெரிய இன்ஜினியர்."

"பெரிய இன்ஜினியர்! நீ அந்த ஆளைப் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. ஆனால் சரிபார்ப்பவர் அந்தப் பெயரைச் சொன்னபோதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டாரே.

சாயங்காலம் யாரும் வரவில்லை. போன் செய்தபோது, பெரிய இன்ஜினியர் வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி போன் செய்து, "குழந்தை பால் குடிக்குதா? அடுக்கு அப்படியே இருக்கா?" என்று கேட்டார். அடுக்கு அப்படியே இருக்கிறது என்றார் லிஃப்ட்காரர். அதில் பொய் இல்லை. டேப் ஒட்டிய பெட்டிக்குள் அடுக்கு எங்கே போகும்?

மறுநாள் காலை, வெளியே எடுத்து டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்த கடைசிப் பாலும் தீர்ந்தது. லிஃப்ட்காரர் வேலைக்குப் போகாமல், பஸ் பிடித்து மகிழ்ச்சித் துறையின் அலுவலகத்துக்கு ஓடினார். "மத்தியானத்துக்குள்ள பதில் வரலைன்னா நான் கிழிச்சுடுவேன்" என்று அக்கா வாசல்வரை வந்து சொன்னார்.

கம்பெனி தயாரித்த குளிர் முழுவதும் எங்கே போயிருக்கிறது என்பது அந்த அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தெரிந்துவிட்டது. எல்லோரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள். வாசலில் ஆள் உயரப் பென்குவின் பொம்மை ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. குறை சொல்ல வந்தவர்களை எல்லாம் ஒரு பெரிய ஹாலில் உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஏதோ விழாவாம், ஹால் காலியாக இருந்தால் நன்றாக இருக்காதாம்.

பக்கத்து நாற்காலியில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், சொந்தப் போர்வையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கடை ஃபிரிட்ஜையும் ஒட்டிவிட்டார்களாம்.

"பெரிய இன்ஜினியரைப் பாக்கணும்மா" என்றார் லிஃப்ட்காரர். "எந்த ரூம்ல இருப்பார்?"

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "புதுசா நீங்க? நான் இங்க நடக்க ஆரம்பிச்சப்ப என் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலை. இப்ப பேரன் நடக்கறான்."

"அவரைப் பாத்தீங்களா?"

"பாத்தவங்க யாரையாவது பாத்திருக்கேனான்னு கேளுங்க. அதுவும் இல்லை."

லிஃப்ட்காரர் மேலே கேட்க வாயெடுத்தார். அதற்குள் மேடையில் மேலாளர் எழுந்துவிட்டார். பின்னால் தொங்கிய பேனரில் 'குறையில்லா ஆண்டு' என்று எழுதியிருந்தது. மேலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார். அவர் பேச்சை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"நண்பர்களே! போன வருஷம் இந்த நகரத்தில் மட்டும் மலை மலையாகப் புகார்கள். இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. எப்படிச் சாதித்தோம்? ஃபிரிட்ஜை மாற்றினோமா? இல்லை. ஃபிரிட்ஜை மாற்றச் செலவாகும். சொல்லை மாற்றினோம்! புகார் என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கருத்து என்று வைத்தோம். கருத்து சொல்ல எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய கட்டாயம்தான் யாருக்கும் இல்லை."

கைதட்டினார்கள். ஸ்வெட்டர்க்காரர் ஒருவர் ஓரத்தில் நின்று, எப்போது தட்ட வேண்டும் என்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு ஃபிரிட்ஜை ரிப்பேர் செய்தால் ஒரு வீடுதான் திருப்தி அடையும். அதுவும் அடுத்த ரிப்பேர் வரைக்கும்தான். ஆனால் வாடிக்கையாளரை ஒரு தடவை ரிப்பேர் செய்துவிட்டால், அவர் ஆயுசுக்கும் குறை சொல்ல மாட்டார். அந்தத் திசையில்தான் நம் பென்குவின் டேப் மாபெரும் வெற்றி பெற்றிருக்கிறது. ஒட்டிய ஃபிரிட்ஜ் எதுவும் குளிரவில்லை என்று இதுவரை ஒருவரும் நிரூபித்ததில்லை. திறந்து பார்த்தால்தானே!"

மறுபடி கைதட்டல். லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பெயர் அட்டை குத்தியிருந்த ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசினார்.

"சார், பெரிய இன்ஜினியர் எங்க சார்?"

மேலாளருக்குக் கோபமே வரவில்லை. முகம் மலர்ந்தது.

"நல்ல கேள்வி! பெரிய இன்ஜினியர் பதவி ரொம்ப காலமாகக் காலியாக இருக்கிறது. முன்பு ஒருவர் இருந்தார். வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜைச் சரி செய்துகொண்டிருந்தார். தாமதமாக வருகிறார், கால் கழுவாமல் வருகிறார் என்று அவர் மேல் எத்தனை புகார்! அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தோம். இன்றுவரை பெரிய இன்ஜினியர் மேல் ஒரு புகார்கூட இல்லை. இதைவிடச் சிறந்த அதிகாரி இந்தக் கம்பெனியில் யாரும் கிடையாது!"

இதற்கும் தட்டினார்கள். மருந்துக்கடை அம்மா போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார்.

லிஃப்ட்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு பேர் தோளைப் பிடித்து ஏற்றினார்கள். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளருக்குப் பரிசு கொடுக்க வேண்டுமாம், கூட்டத்தில் வாய் திறந்தவர் அவர் ஒருவர்தான். சரிபார்ப்பவரே வந்து, இவருக்குக் காய்ச்சல் இல்லை என்று மேலாளர் காதில் சான்று சொன்னார். கையில் ஒரு குட்டிப் பென்குவின் பொம்மையைத் திணித்து, மைக்கை நீட்டினார்கள்.

"நம்ம சேவையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க!"

லிஃப்ட்காரர் பொம்மையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"நீங்க ஒட்டின டேப்பை எடுக்கச் சொல்லுங்க சார். குழந்தை காலையிலேர்ந்து பசியா இருக்கு. அதோட பால் உள்ள இருக்கு. வேற ஒன்னும் எனக்கு வேணாம் சார். ரிப்பேர்கூடப் பண்ண வேணாம்."

ஸ்வெட்டர்க்காரர் கையைத் தூக்கினார். ஹால் அதிரக் கைதட்டினார்கள். மேலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"கேட்டீர்களா? ரிப்பேர்கூட வேண்டாம் என்கிறார்! ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு குறை சொன்னாரா? சொல்லவில்லை! இவர்தான் நம் லட்சிய வாடிக்கையாளர்!"

அந்தக் கைதட்டல் ஓயும் முன்பே லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்கா. மேடையில் நின்றுகொண்டே எடுத்தார்.

"கிழிச்சுட்டேன்டா" என்றது அக்காவின் குரல். பின்னால் குழந்தையின் அழுகை கேட்டது. அழுது அழுது குரல் கட்டிப்போய், காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. "எல்லாம் தண்ணியா நிக்குது. திறந்ததும் குப்புனு புளிச்ச வாடை. ஒவ்வொன்னா மோந்து பாத்துட்டேன், ஒன்னுகூடத் தேறலை. நான் புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ அங்கயே கேட்டுக்கிட்டு இரு."

போனை வைத்துவிட்டார். மேலாளர் போட்டோவுக்காக லிஃப்ட்காரரின் தோளில் கையைப் போட்டார். லிஃப்ட்காரர் அந்தக் கையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, மேடையிலிருந்து குதித்து ஓடினார். போட்டோ எடுத்தவர், அவர் மகிழ்ச்சியில் துள்ளுவதாக நினைத்துப் படமெடுத்துக்கொண்டார். அந்தப் படம் இப்போதும் மகிழ்ச்சித் துறையின் வரவேற்பறையில் தொங்குகிறது.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. மனைவியின் கட்டிலருகே அக்கா நின்றுகொண்டிருந்தார். குழந்தை அவரிடம் இல்லை. லிஃப்ட்காரர் கட்டிலுக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். அக்கா பக்கத்துத் திரையைக் கண்ணால் காட்டினார். அடுத்த கட்டில் நோயாளியைப் பார்க்க அவர் மகள் வந்திருந்தாள், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு. அக்கா குழந்தையோடு வார்டுக்குள் நுழைந்தபோதே அவள் அதன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். தன் குழந்தையைத் தாயின் கட்டிலில் கிடத்திவிட்டு, "குடுங்கக்கா" என்று கையை நீட்டினாள். அவ்வளவுதான். யார், எந்த ஊர், என்ன ஆச்சு என்று ஒரு கேள்வி இல்லை. திரைக்குப் பின்னால் குழந்தை மூச்சு முட்டக் குடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"புள்ளை தப்பிச்சுது" என்றார் அக்கா, தம்பியின் முகத்தைப் பார்க்காமல். "இன்னொன்னையும் கேட்டுக்கோ. கெட்ட பாலைக் கொட்டிட்டு, கோவத்துல பிளக்கைச் சொருகிவிட்டேன். ஐஸ் எல்லாம் உருகிப்போச்சு இல்ல? விசிறி ஜம்முனு சுத்துது. ஃபிரீசர் ஜில்லுனு இருக்கு. உள்ள வெக்கத்தான் ஒன்னுமில்லை."

சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். மீதியை நீயே சொல் என்று அர்த்தம்.

மனைவி படுக்கையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் இழுத்ததால் எழுந்து உட்கார முடியவில்லை. லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் சொன்னார். கருத்து வேறுபாட்டைச் சொன்னார், தெர்மாமீட்டரைச் சொன்னார், சாட்சியைச் சொன்னார். உத்தரவாதம் போய்விடும் என்று பயந்ததையும், இல்லாத பெரிய இன்ஜினியருக்காகக் காத்திருந்ததையும் சொன்னார். மேலாளர் பேசியதைச் சொல்லும்போது அவருக்கே கோபம் தலைக்கேறி, "அவனுங்களைச் சும்மா விடக் கூடாது" என்று கட்டிலின் கம்பியைக் குத்தினார்.

மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"பூட்டுப் போட்டானா?" என்று கேட்டார்.

"இல்லை."

"காவலுக்கு யாரையாவது நிக்க வெச்சானா?"

"இல்லை."

மனைவி மெதுவாகக் கேட்டார்.

"டேப்புதானே ஒட்டினான்?"